கூட்டு (சீட்டு) கட்டுற வீட்டுப் பிள்ளைக்கு ஃபைனான்ஸ் புதுசு இல்ல – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கடிதம் எல்லாமே மலேசியா, பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட்ல இருந்தும் அத சுத்தி இருக்கற தோட்டங்கள்ல இருந்தும் வந்தது. போன மாசம் அங்க எஸ்டிபிஎம் (யுனிவர்சிட்டிக்கு முன்னாடி எழுதற பரீட்சை) முடிச்ச பிள்ளைங்ககிட்ட பேசிட்டு வந்தேன், நேரம் பத்தல, கேக்க முடியாம போனத எல்லாம் எழுதி அனுப்பிட்டாங்க. நானும் அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்து வளந்தவதான், அப்புறம் இருபத்தாறு வருஷம் பேங்க்ல கடன் பிரிவுல இருந்தேன், அதனால இந்தக் கேள்விங்கள படிக்கறப்ப எனக்கு தள்ளி நின்னு பதில் சொல்ல வரல, வீட்டுப் பிள்ளைங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்றேன்.

கேள்வி: அக்கா, எனக்கு யுனிவர்சிட்டில ஃபைனான்ஸ் படிக்கணும்னு ஆச. அப்பா செம்பனை லாரி ஓட்டறாரு, அவரு "அக்கவுண்ட்ஸ் படிச்சா கிராணி வேலையாச்சும் கெடைக்கும், ஃபைனான்ஸ்னா என்னான்னே தெரியலயே"ங்கறாரு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? கணக்கு ரொம்ப கஷ்டமா இருக்குமா?

பதில்: தங்கச்சி, அப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு அவருக்குப் புரியற மாதிரியே பதில் சொல்லு. தோட்டத்து ஆபீஸ் கணக்கரு, அந்தக் கிராணி, செக்ரோல்ங்கற சம்பளப் புத்தகம் எழுதறாரு இல்லையா, யாரு எத்தன நாள் காலைல பேரு கூப்பிடற பெரட்டுக்கு வந்தாங்க, எத்தன குலை வெட்டுனாங்க, எவ்வளவு சம்பளம், இதெல்லாம் நடந்து முடிஞ்சது, அத ஒரு சென் தப்பாம எழுதறது அக்கவுண்டிங். இப்ப அதே தோட்டத்துல எண்ணெய் எடுக்கற செம்பனை மரத்துக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆயிடுச்சுன்னு வை, மரம் ஒசந்து போச்சு, கொக்கி எட்டல, காய்ப்பும் கொறையுது, சாய்ச்சிட்டு புதுசா நடலாமா வேணாமான்னு யோசிக்கறாங்க, நட்டா சுமாரா மூணு வருஷத்துக்கு ஒரு குலை கூட கெடையாது, செலவு மட்டும்தான். இன்னைக்கு போடற காச மூணு வருஷம் கழிச்சு வரப்போற காசோட எப்படி ஒப்பிடறது, அந்தக் கேள்விதான் ஃபைனான்ஸ். உங்க ரெண்டாவது வருஷ பாடத்துல இதுக்கு நிகர நிகழ்கால மதிப்புன்னு ஒரு பெரிய பேரு வெச்சிருப்பாங்க, என்பிவின்னு கிளாஸ்ல சொல்லுவாங்க. மூணு வருஷம் கழிச்சு வர்ற 1000 வெள்ளி (ரிங்கிட்), வருஷத்துக்கு 6 விழுக்காடுன்னு கழிச்சா, இன்னைக்கு கிட்டத்தட்ட 840 வெள்ளிதான், அவ்வளவுதான் விஷயம்.

இது உனக்கு ஏற்கனவே தெரியும்னு நான் சொல்லுவேன். எங்கம்மா வீட்டு வாசல் அஞ்சடில மாசா மாசம் கூட்டு எடுப்பாங்க, பத்து பொம்பளைங்க, ஆளுக்கு நூறு வெள்ளி, மொத்தம் ஆயிரம், நீலக் கட்டம் போட்ட நோட்டுல பேரு வரிசையா இருக்கும், எழுதறது நான், ஏன்னா அம்மாவுக்கு எழுத வராது. முதல் மாசமே பணம் வேணும்னு நிக்கறவங்க, பிள்ளைக்கு பள்ளிக்கூட செலவோ ஆஸ்பத்திரி செலவோ, 180 வெள்ளி கழிவு விட்டு 820 எடுத்துட்டு போவாங்க, கடைசி வரைக்கும் பொறுத்திருந்தவங்க முழு ஆயிரமும் எடுப்பாங்க, கழிவும் அவங்களுக்கு பிரிஞ்சு வரும். அந்த 180 வெள்ளி என்னா? நேரத்தோட வெல. முன்னாடி எடுக்கறவரு குடுக்கறாரு, பின்னாடி எடுக்கறவரு வாங்கறாரு. அப்புறம் ஒரு தடவ முதல் மாசமே எடுத்த ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா சாமான ஏத்திக்கிட்டு வேற தோட்டத்துக்கு போயிட்டாரு, மிச்ச ஒம்பது மாசமும் அவரு பங்க எங்கம்மாதான் கட்டுனாங்க, அத இப்ப புத்தகத்துல கடன் அபாயம்னு படிக்கறப்ப எனக்கு அந்த நோட்டுல அவரு பேருக்கு நேரா இருந்த வெத்துக் கட்டங்கதான் ஞாபகத்துக்கு வரும். (கூட்டு சேருன்னு நான் சொல்லல, கூட்டு நடத்தறத தொழிலா செய்யறது நம்ம நாட்டுல 1971-ம் வருஷ சட்டப்படி குத்தம், பாடத்துக்காகத்தான் சொல்றேன்.)

கணக்கு கஷ்டமான்னு கேட்ட. எஸ்டிபிஎம் கணக்குல நீ பாத்ததவிட பயங்கரமா ஒண்ணும் இல்ல, ஆனா ஸ்டாட்டிஸ்டிக்ஸ விட்டுடாத, முக்காவாசிப் பேரு தடுக்கி விழறது அங்கதான், சராசரி, திட்ட விலகல், ரிக்ரெஷன் இந்த மூணும் கையில இருந்தா முதலீட்டுப் பாடம் பாதி முடிஞ்ச மாதிரி. ஒரு பழக்கமான கணக்கு சொல்றேன், நீயே போட்டுப் பாரு. மோட்டார் வாங்க 8000 வெள்ளி கடன், ஃபிளாட் ரேட் 5 விழுக்காடு, அஞ்சு வருஷம், அப்படின்னு நாங்க அந்தக் காலத்துல எழுதுவோம். வட்டி 2000, மொத்தம் 10,000, மாசத்துக்கு 166 வெள்ளி 67 சென். கேக்க 5 விழுக்காடுதான், ஆனா நீ மாசா மாசம் அசல கொறச்சுக்கிட்டே வர்ற, வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 8000-த்துக்கும் போடறாங்க, உண்மையான வட்டிய கணக்குப் போட்டா 9 விழுக்காட்டுக்கு மேல வரும். எங்க மேசைக்கு முன்னாடி உக்காந்த எத்தனையோ பேருக்கு இது தெரியாது, கையெழுத்து போட்டுட்டு நன்றி சொல்லிட்டு போனாங்க, அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு உறுத்தும். இந்த ஒரு கணக்க உங்க லயத்துல பத்து வீட்டுக்கு நீ சொல்லிக் குடுத்தேன்னா உன் படிப்பு அன்னைக்கே வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சு.

முதல் வருஷம் எப்படியும் அக்கவுண்டிங்தான் நெறைய வரும், பொருளாதாரமும் வரும், பேலன்ஸ் ஷீட், அதான் சொத்து-கடன் பட்டியல், படிக்கத் தெரியாம ஃபைனான்ஸ் கெடையாது, அதனால அப்பாவோட பேச்சும் வீணாப் போகாது. மூணாவது வருஷம் டெரிவேட்டிவ்ஸ்னு ஒரு பாடம் வரும், எல்லாரும் பயப்படுவாங்க, நீ பயப்படாத, ஏன்னா கோலாலம்பூர்ல 1980-ல இருந்து நடக்கற செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் (பின்னாடி குடுக்கப் போற சரக்குக்கு இன்னைக்கே வெல பேசி வெக்கற ஒப்பந்தம்) சந்தைதான் உலகம் முழுக்க அந்த எண்ணெய்க்கு வெல பாக்கற எடம், வெல நம்ம வெள்ளிலதான் போடறாங்க, ஒரு ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு ஒரு வெள்ளி ஏறுனா ஒப்பந்தத்துக்கு 25 வெள்ளி. அப்பா லாரில 10 டன் குலை ஏத்துனாருன்னா ஆலையில சுமாரா 2 டன் எண்ணெய்தான் எறங்கும், அப்ப ஒரு ஒப்பந்தத்துக்கு அவரு பன்னெண்டு பதிமூணு நடை ஓட்டணும். கோலாலம்பூர்ப் பிள்ளைங்களுக்கு அது திரையில ஓடற நம்பர், உனக்கு அது அப்பாவோட லாரி, நீ அந்தப் பாடத்த அவங்கள விட நல்லா படிப்ப, நான் நம்பறேன்.

எங்க படிக்கறதுன்னா முதல்ல யூபியூங்கற விண்ணப்ப முறை வழியா அரசாங்கப் பல்கலைக்கழகம் பாரு, சிந்தோக்ல இருக்கற உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் 1984-ல இருந்து வணிகம் நிர்வாகம் பக்கமே கவனம் வெச்சு வளந்தது, அது கெடைக்கலன்னா கம்பார்ல ஊத்தார், அதான் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், இருக்கு, ஈப்போவ தாண்டுனா வந்திடும், வீட்டுக்கு வாராவாரம் வரலாம். வேற எந்த தனியார் கல்லூரியா இருந்தாலும் அந்தப் பாடத்துக்கு படிப்புத் தரத்த பாக்கற அரசாங்க அமைப்பு எம்கியூஏவோட அங்கீகாரம் இருக்கான்னு அவங்க பதிவேட்டுல பேரப் போட்டுப் பாத்துட்டு அப்புறமா பணம் கட்டு, பத்திரிகைல வர்ற விளம்பரத்த நம்பாத. அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லு, நம்ம நாட்டுல அக்கவுண்டன்ட்னு பேரு போட்டுக்கணும்னா எம்ஐஏங்கற அக்கவுண்டன்ட் கழகத்துல உறுப்பினரா இருக்கணும், அதுக்கு ஒரு வழி ஏசிசிஏங்கற தொழில்முறைப் பரீட்சை, 13 பேப்பர், டிகிரில படிச்சதுக்கு சிலது விலக்கு கெடைக்கும். ஃபைனான்ஸ் பக்கம் முதலீட்டு ஆய்வு வேலைக்கு சிஎஃப்ஏன்னு ஒரு பரீட்சை, மூணு கட்டம், டிகிரி முடிய 23 மாசம் இருக்கறப்பவே முதல் கட்டம் எழுதலாம், ஆனா கட்டணம் ரொம்ப அதிகம், கடன் வாங்கி எழுத வேணாம், வேலைக்கு சேந்து எழுது.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் தனியார் கல்லூரில ரெண்டாவது வருஷம் ஃபைனான்ஸ். பிடிபிடிஎன் (அரசாங்கப் படிப்புக் கடன்) பணம் வந்திருக்கு. சீனியர் ஒருத்தரு டெலிகிராம் குரூப்ல சேத்துவிட்டாரு, ஃபோரெக்ஸ், அதான் வெளிநாட்டுப் பணம் வாங்கி விக்கறது, மாசம் 30 விழுக்காடு கெடைக்குதாம், நெறைய பேரு காட்டறாங்க. கடனுக்கு 1 விழுக்காடுதானே, எடுத்துப் போட்டா லாபம்தானேக்கா? கிளாஸ்ல இததானே சொல்லித் தர்றாங்க?

பதில்: வேணாம் தம்பி. முதல்ல இத சொல்லிட்டு அப்புறம் காரணம் சொல்றேன், ஏன்னா நீ காரணத்த படிச்சு முடிக்கறதுக்குள்ள பணத்த அனுப்பிடுவியோன்னு எனக்கு பயமா இருக்கு.

நீ ஃபைனான்ஸ் மாணவன், கூட்டு வட்டி தெரியும், அந்தக் கணக்க போட்டியா? மாசம் 30 விழுக்காடுன்னா 1000 வெள்ளி ஒரு வருஷத்துல 23,298 வெள்ளி ஆகணும். ரெண்டு வருஷத்துல அஞ்சு லட்சத்து நாப்பதாயிரத்துக்கு மேல. அப்படி ஒரு வழி கையில வெச்சிருக்கறவன் சுங்கை சிப்புட்ல இருக்கற ஒரு மாணவனோட படிப்புக் கடன எதுக்கு கேக்கறான்? அவன் வீட்டுல இருக்கற ஆயிரம் வெள்ளியே போதுமே. ஊழியர் சேமநிதி வாரியம், அத்தன ஆளுங்க, அத்தன ஆராய்ச்சி, உலகம் முழுக்க முதலீடு, அவங்க 2023-க்கு குடுத்தது 5.5 விழுக்காடு, 2024-க்கு 6.3, அதுவும் வருஷத்துக்கு. உன் சீனியர் மாசத்துக்கு 30ங்கறாரு. காட்டற லாபம் எல்லாம் அனேகமா உன்ன மாதிரி பின்னாடி வந்தவங்க போட்ட பணம், புதுசா ஆளு வர்றது நின்னா அன்னைக்கு குரூப்பும் நிக்கும்.

எங்கப்பாவோட கதைய சொல்லிடறேன். தோட்டத்த வீட்டு மனைக்கு வித்தப்ப அவருக்கு நஷ்ட ஈடு கெடைச்சது, இருபத்தெட்டு வருஷம் ரப்பர் பால் வெட்டுனதுக்கு கெடைச்ச மொத்தமும் அதுதான். ஒரு திட்டம்னு வந்தாங்க, நம்ம ஆளுங்கதான், கோயில் திருவிழாவுல முன்வரிசைல உக்காந்திருந்தவங்க, பேர சொல்ல விரும்பல. மூணு மாசம் ஒழுங்கா லாபம் வந்தது, அந்த லாபத்தையும் திரும்ப அதுலயே போட்டாரு, நாலாவது மாசம் ஆபீஸ் பூட்டியிருந்தது. ரசீது புத்தகம் மட்டும் கடைசி வரைக்கும் இரும்புப் பொட்டில பிளாஸ்டிக் பையில சுத்தி வெச்சிருந்தாரு, கார்பன் தாள் வாசன கூட போகாம. நான் பேங்க் வேலைக்கு போனதுக்கு அது ஒரு காரணம்.

இப்ப உன் கேள்வில நியாயமான பகுதிக்கு வர்றேன். 1 விழுக்காட்டுக்கு கடன் வாங்கி அதவிட கூட வர்ற எடத்துல போடறது தாள்ல சரிதான், ஒரு பையன் இதே பணத்த அமானா சஹாம் மலேசியாங்கற யூனிட் டிரஸ்ட்ல போடலாமான்னு கேட்டான், அது எல்லா மலேசியருக்கும் திறந்த திட்டம், யூனிட் வெல ஒரு வெள்ளியாவே இருக்கும், உன் சீனியர் சொல்றதோட அத ஒப்பிடவே கூடாது. ஆனா அந்தப் பணத்துல அடுத்த செமஸ்டர் கட்டணம் இருக்கு, ரூம் வாடகை இருக்கு, உன் சாப்பாடு இருக்கு. எப்ப தேவைப்படும்னு தெரிஞ்ச பணத்த ஏறி எறங்கற எடத்துல வெக்கக் கூடாது, இதையும் உங்க கிளாஸ்ல சொல்லித் தந்திருப்பாங்க, அது பரீட்சைக்கு வராததால மறந்திருப்ப. செலவு எல்லாம் போக மிச்சம் இருந்தா, இருந்தா மட்டும், போடு.

இன்னும் ரெண்டு விஷயம். பங்குச் சந்தைய கண்காணிக்கற செக்யூரிட்டீஸ் கமிஷனும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வெச்சிருக்காங்க, அதுல அந்தப் பேரு இருக்கான்னு பாரு, ஆனா பட்டியல்ல இல்லன்னா நல்ல கம்பெனின்னு அர்த்தம் இல்ல, லைசென்ஸ் இருக்கான்னுதான் பாக்கணும், லைசென்ஸ் இல்லாத ஆளுகிட்ட வெளிநாட்டுப் பணம் வாங்கி விக்கறது நம்ம சட்டத்துல குத்தம். ரெண்டாவது, "உன் பேங்க் கணக்க கொஞ்ச நாளு குடு, பணம் வந்து போகும், உனக்கு கமிஷன்"னு யாராச்சும் சொன்னா அந்த எடத்த விட்டு ஓடிடு, திருட்டுப் பணம் உன் கணக்கு வழியா போனா போலீஸ் முதல்ல உன் வீட்டுக் கதவத்தான் தட்டும், எங்க கிளைல அப்படி அழுதுக்கிட்டு வந்த பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். ஏற்கனவே அனுப்பிட்டியா? வெக்கப்படாம உடனே பேங்குக்கு போன் பண்ணு, மோசடிய சொல்றதுக்குன்னே இருக்கற 997-க்கு போன் பண்ணு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பங்கு வாங்கிப் பழகணும்னு கை துறுதுறுன்னா பங்க பதிஞ்சு வெக்கற சிடிஎஸ் கணக்கு திறந்து, நூறு யூனிட்டுல இருந்து வாங்கலாம், 50 சென் பங்குன்னா 50 வெள்ளி, கூட தரகுக் கட்டணம். அதுக்கு முன்னாடி அந்த கம்பெனியோட ஆண்டறிக்கைல காசு எப்படி வந்தது போச்சுன்னு காட்டற காசோட்ட அறிக்கைய மட்டுமாச்சும் முழுசா படிச்சிடு.

கேள்வி: அம்மா, நான் கையுறை ஃபேக்டரில வேல செய்யறேன். மகன் பொலிடெக்னிக்ல இருக்கான், ரெண்டு நாள் முதலீட்டு கோர்ஸ் 3500 வெள்ளி, ஈபிஎஃப்ல (ஊழியர் சேமநிதி) மூணாவது கணக்குல இருந்து எடுத்துத் தாங்கங்கறான். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்கம்மா. உங்க சம்பளத்துல 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு போடறாரு, 2024 மே 11-ல இருந்து அதுல பத்துல ஒரு பங்குதான் அந்த மூணாவது கணக்குக்கு, ஃபிளெக்சிபல் கணக்குன்னு சொல்றதுக்கு, போகுது, அவசரத்துக்குன்னு வெச்சது அது. ரெண்டு நாள்ல சொல்லித் தர்ற எல்லாமே செக்யூரிட்டீஸ் கமிஷனோட இன்வெஸ்ட்ஸ்மார்ட்ங்கற முதலீட்டாளர் கல்விப் பக்கத்துல இலவசமா இருக்கு, கடன் ஆலோசனை சொல்ற ஏகேபிகே நடத்தற பண நிர்வாக வகுப்பும் இலவசம். மகன் அடுத்து டிகிரிக்கு போனா அதுக்கு ஈபிஎஃப்ல கல்விக்குன்னே தனியா எடுக்கற வழி இருக்கு, ரெண்டாவது கணக்குல இருந்து, அங்கீகாரம் உள்ள எடமா இருந்தா பிள்ளைக்காக எடுக்கலாம், அப்ப எடுங்க. மகன திட்டாதீங்க, கத்துக்கணும்னுதானே கேக்கறான்.

கேள்வி: லெக்சரர் மார்கோவிட்ஸ் தியரி, கோரிலேஷன்னு நடத்துனாரு, ஒண்ணும் புரியல. பல பங்கு வாங்குனா போதும்தானே?

பதில்: போதாது, அததான் பொருளாதார அறிஞர் ஹேரி மார்கோவிட்ஸ் 1952-ல எழுதுனாரு, அப்ப அவருக்கு வயசு 25 கூட முடியல, பின்னாடி 1990-ல நோபல் பரிசு வாங்குனாரு. எத்தன பங்கு வெச்சிருக்கேங்கறது இல்ல, அதுங்க சேந்து விழுமா தனித்தனியா விழுமாங்கறதுதான் கேள்வி. நம்ம ஊருல ஒரு வீட்ட எடுத்துக்க. அப்பா தோட்டத்துல தண்டல் (வேலைய மேற்பார்க்கறவரு), அண்ணன் செம்பனை ஆலைல, மாமா தோட்டத்து முன்னாடி மளிகைக் கடை, மிச்சம் புடிச்ச காசுல தோட்டக் கம்பெனி மூணோட பங்கு. எண்ணிப் பாத்தா ஆறு வருமானம், ஆனா எண்ணெய் வெல எறங்குனா ஓவர்டைம் நிக்கும், கடைல கடன் நோட்டு நெறையும், மூணு பங்கும் எறங்கும், எல்லாம் ஒரே வாரத்துல. அப்ப அந்த வீட்டுல இருக்கறது ஒரே ஒரு முதலீடுதான். கோரிலேஷன், அதாவது சேந்து ஏறி எறங்கற அளவு, 1-க்கு பக்கத்துலன்னு புத்தகம் சொல்றது இததான். அந்த வீட்டுப் பிள்ளை எண்ணெய் வெலையோட சேந்து ஏறி எறங்காத எதையாச்சும் வாங்குனா அபாயம் பிரியும்.

நாட்டுக்குள்ளயே எல்லாம் சேந்து விழற காலமும் உண்டு. 1997 பிப்ரவரில கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1,271, 1998 செப்டம்பர் 1-ம் தேதி 262. அஞ்சுல நாலு பங்கு போச்சு. மறுநாள்தான் டாலருக்கு 3.80 வெள்ளின்னு கட்டுனாங்க. கடன் வாங்கி பங்கு வாங்குனவங்க வீட்ட வித்தாங்க, கடன் இல்லாம பொறுத்திருந்தவங்களுக்கு வருஷக்கணக்கா காத்திருக்க முடிஞ்சது. உங்க லெக்சரர் இந்த ரெண்டு நம்பர போர்டுல எழுதலன்னா நீ கேட்டு எழுதச் சொல்லு.

கேள்வி: எங்க தாத்தா "முதலீடெல்லாம் தவுக்கே முதலாளிக்கு, நமக்கு பாலு வாளியும் மண்ணும்தான்"ங்கறாரு. தமிழ்ப்பள்ளில படிச்ச எனக்கு இங்கிலீஷ்லயும் தடுமாத்தம். இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வருமா?

பதில்: தாத்தா பக்கத்துல உக்காந்து 1960-ல என்ன நடந்ததுன்னு கேளுங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளக்காரக் கம்பெனிங்க தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டுப் போனப்ப, உங்க ஊருக்காரரு, அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, பால் வெட்டுறவங்க மாசம் பத்து வெள்ளியா கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுத்தாங்க, அந்தப் பணத்துல தோட்டமே வாங்குனாங்க. சின்னச் சின்னத் தொகைய சேத்து மூலதனமாக்கி, சொத்து வாங்கி, லாபத்த பங்கு பிரிக்கறது, உங்க பாடப் புத்தகத்துல முதல் அத்தியாயம் அதுதான். தாத்தா வீட்டுப் பொட்டில அந்தப் பத்திரம் இருந்தாலும் இருக்கும், கேட்டுப் பாருங்க.

இங்கிலீஷுக்கு நான் செஞ்சத சொல்றேன். ஒரு நோட்டுல எடது பக்கம் இங்கிலீஷ் சொல்ல எழுதுவேன், வலது பக்கம் தமிழ்ல அது என்ன செய்யுதுன்னு ஒரு வரி, அகராதி அர்த்தம் இல்ல, நானே புரிஞ்சுக்கிட்டது. லிக்விடிட்டின்னா "நாளைக்கே காசாக்க முடியுமா", லெவரேஜுன்னா "அடுத்தவன் காசுல எவ்வளவு". ஒரு நாளைக்கு மூணு சொல்லு. முதல் செமஸ்டர் முடியறப்ப முந்நூறு தாண்டியிருக்கும், அதுக்கப்புறம் லெக்சர் காதுல ஏற ஆரம்பிக்கும். அப்பவும் ஒரு சொல்லு மாட்டுச்சுன்னா இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்புங்க, தமிழ்ல பிரிச்சு சொல்றேன்.